ரெட்டினா என்பது விழித்திரை: சொல் விளக்கம்

கண்ணின் உட்சுவரில் பின்பக்கம் முழுவதும் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம்தான் ரெட்டினா. அதன் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். தமிழில் விழித்திரை. விழி, திரை இரண்டும் சேரும் இடத்தில் 'த்' மிகும் என்பதால், 'விழிதிரை' என்று எழுதுவது பிழை.

ரெட்டினா இலத்தீன் சொல். 'வலை' என்று பொருள்படும் 'ரேட்டே' அதன் வேர். ஆனால் வலை என்ற எண்ணம் இலத்தீனில் பிறந்ததல்ல. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இந்தப் படலத்தை 'வீச்சுவலை போன்றது' என்று குறித்தார்கள். பார்வை நரம்பில் ஒரு பிடி, அங்கிருந்து சுற்றிலும் விரிந்த கிண்ண வடிவம் என்று பார்த்தால் பொருத்தமான பெயர்தான். அரபு மருத்துவர்கள் அதையே தங்கள் மொழியின் 'ஷபகா', அதாவது வலை, என்ற சொல்லிலிருந்து ஆக்கிக்கொண்டார்கள். 12ஆம் நூற்றாண்டில், பாரசீக மருத்துவர் இப்னு சீனாவின் மருத்துவ நூல் இலத்தீனுக்குப் போனபோது வலையும் கூடவே போய் ரெட்டினா ஆயிற்று.

இந்தப் பெயரை வைத்த காலத்தில் படலத்தின் வேலை என்னவென்று தெரியாது. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் முதல் பல நூற்றாண்டுகளாக, பார்ப்பது கண்ணின் லென்ஸ்தான் என்றே பெரும்பாலும் நம்பினார்கள். 1583இல் சுவிஸ் மருத்துவர் பெலிக்ஸ் பிளாட்டர் லென்ஸிடமிருந்து அந்தப் பொறுப்பை எடுத்து ரெட்டினாவுக்குக் கொடுத்தார். 1604இல் வானியலாளர் கெப்ளர் ஒளியியல் கணக்கோடு அதை நிறுவினார்: கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கார்னியாவும் லென்ஸும் ஒளியை வளைத்துக் குவிக்க, வெளியுலகின் பிம்பம் ரெட்டினாவின்மேல் தலைகீழாக விழுகிறது. அப்புறம் மாட்டுக் கண்ணின் பின்புறத்தைச் சீவிவிட்டு, அந்தத் தலைகீழ்ப் பிம்பத்தை நேரிலேயே பார்க்கும் வழியைப் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 1637இல் விவரித்தார்.

தமிழ்ப் பெயர் நிற்பது கெப்ளரின் பக்கம். வலை என்பது உருவத்தைச் சொல்கிறது. திரை, பிம்பம் விழும் இடம் என்று தொழிலைச் சொல்கிறது. அலை, தோல் சுருக்கம், மறைக்கும் துணி என்றெல்லாம் பழைய பொருள்கள் 'திரை'க்கு உண்டு. படம் விழும் பரப்பு என்பது பிற்காலத்தில் சேர்ந்த பொருள். விழித்திரையில் நாம் கேட்பது அதைத்தான்.

சரி, பெயர் பொருத்தம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. திரை என்றால் படம் அதன்மேல் விழும், அதை எதிரே இருந்து ஒருவர் பார்ப்பார். 'பிம்பம் தலைகீழாக விழுகிறதே, அதை நிமிர்த்துவது யார்?' என்ற கேள்வி மாணவர்களுக்கு எழுவது இந்தப் படிமத்தால்தான். அந்தக் கேள்விக்கு விடை, யாரும் நிமிர்த்துவதில்லை என்பது. கண்ணுக்குள் விழும் பிம்பத்தைப் பார்க்க உள்ளே இன்னொரு கண் கிடையாது.

விழித்திரையே வேலை செய்கிறது. மங்கிய ஒளிக்கான குச்சி செல்கள் ஏறக்குறைய 10 கோடி. நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமான கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். ஆனால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பின் இழைகள் 10 லட்சம் அளவுதான். இத்தனை செல்களின் தகவலை அத்தனை குறைந்த இழைகளில் அனுப்ப வேண்டுமானால், முன்கூட்டியே சலித்தாக வேண்டும். விழித்திரையின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே விளிம்பு, எங்கே ஒளி மாறுகிறது, எது அசைகிறது என்று பிரித்துக் குறிகைகளாக அனுப்புகின்றன. கருவில் மூளையின் ஒரு பகுதியே புடைத்து வளர்ந்து விழித்திரையாகிறது என்பதை அறிந்தால் இதில் வியப்பில்லை. அந்த இழைகள் வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் செல்களே இல்லை. அதுதான் குருட்டுப் புள்ளி. திரையில் ஓட்டை விழுந்தால் தெரியும். இந்த ஓட்டை நமக்குத் தெரிவதில்லை, சுற்றியிருப்பதைக் கொண்டு மூளை அதை இட்டு நிரப்பிவிடுகிறது.

அதற்காகப் பெயரை மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பேன். நரம்பு செல்களின் பின்னலை நினைத்தால் 'வலை' இன்று தற்செயலாகப் பொருந்துகிறதுதான். ஆனாலும் விழித்திரை பாடநூல்களிலும் கண் மருத்துவத்திலும் ஊன்றிவிட்ட நல்ல சொல். 'விழித்திரை விலகல்' என்றால் நோயாளிக்கும் உடனே புரியும். ஒளி வந்து விழும் இடம் என்ற வரைக்கும் திரையை நம்பலாம். பார்வை எப்படி உண்டாகிறது என்று விளக்கும்போது படிமத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

எழுதுவோர் கவனிக்க இரண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறின் பெயர் விழித்திரையிலிருந்து வந்ததே. ஒளி பட்டதும் அதன் வளைந்த வடிவம் நிமிர்வதில்தான் பார்வையின் முதல் வேதிவினை தொடங்குகிறது. ஆனால் வேதிப் பெயர் என்பதால் அதை மொழிபெயர்க்காமல் ரெட்டினால் என்றே எழுதலாம். இரண்டாவது, கண்தானச் செய்திகளில் 'விழித்திரை பொருத்தப்பட்டது' என்று எழுதக் கூடாது. பொருத்தப்படுவது கண்ணின் முன்பக்கமுள்ள கார்னியா. பார்வை நரம்போடு பிணைந்திருக்கும் விழித்திரையை முழுதாக எடுத்து இன்னொருவருக்குப் பொருத்திப் பார்வை தரும் சிகிச்சை இன்னும் வரவில்லை.