கல்வி நெறியாளர்: சொல் விளக்கம்

சென்ற பருவத்தின் மூன்றாம் வாரத்தில் முதலாண்டு மாணவி ஒருவரின் தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், என் மகள ஆலோசகரப் பார்க்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்காம். அவளுக்கு மனசுல என்ன பிரச்சினை? வீட்ல நல்லாத்தானே இருந்தா?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. பாடப்பதிவைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் விரிவுரையாளரைச் சந்திக்கும்படி எல்லா மாணவர்களுக்கும் அனுப்பப்படும் வழக்கமான கடிதம் அது. அதிலிருந்த மலாய்ச் சொல் 'பெனாசிஹாட் அகாடெமிக்'. மகள் அதைத் தமிழில் 'ஆலோசகர்' என்று சொல்லியிருக்கிறார். கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலோசகர் என்றால் இடைநிலைப்பள்ளியில் மனக்குழப்பத்தோடும் ஒழுங்குச் சிக்கலோடும் வரும் பிள்ளைகளை அழைத்துப் பேசும் ஆசிரியரே நினைவுக்கு வருவார். தாயின் கலக்கத்துக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

மலாயில் இக்குழப்பம் இல்லை. பாடத்தெரிவு, வரவுப்புள்ளி (கிரெடிட்), தேர்ச்சி நிலை ஆகியவற்றில் மாணவருக்குத் துணைநிற்கும் விரிவுரையாளர் 'பெனாசிஹாட்'. உளநலம் சார்ந்து பணியாற்றுபவர் 'கவுன்சலர்'. இரண்டாவது பெயரைச் சட்டமே காக்கிறது. 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டத்தின்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிந்துகொள்ளாத எவரும் மலேசியாவில் அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ள முடியாது. சட்டம் பிரித்து வைத்த இருவரையும் தமிழில் ஒரே சொல்லால் அழைக்கிறோம். போதாக்குறைக்கு, நிறுவனங்களுக்குக் கட்டணம் பெற்று யோசனை கூறுபவரும் நமக்கு ஆலோசகர்தான்.

எனவே 'பெனாசிஹாட்' என்பதற்குத் தனியொரு தமிழ்ச்சொல் வேண்டும். அதைத் தேடுமுன் சொற்களின் வேரைப் பார்ப்போம். 'ஆலோசனை' வடமொழியிலிருந்து வந்தது. அதன் அடியிலுள்ள 'லோச்' என்னும் வேர் காண்பதைக் குறிக்கும். ஒன்றை நன்கு நோக்கி எண்ணிப் பார்ப்பதே ஆலோசனை. ஆங்கிலத்தின் 'அட்வைஸ்' பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனத்துக்குச் சென்று, அங்கும் 'காணப்பட்டது' என்னும் பொருளிலேயே முடிகிறது. மலாயின் 'பெனாசிஹாட்' அரபு மொழியின் 'நசீஹா' என்னும் சொல்லிலிருந்து எழுந்தது. நல்லெண்ணத்தோடு, கலப்பில்லாமல் கூறும் சொல் என்பது அதன் பொருள்.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருந்தது. 'சூழ்தல்' என்றால் ஆராய்ந்து எண்ணுதல். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்று குறள் 671 தொடங்கும்போது, ஆராய்ச்சியின் முடிவு துணிவு கொள்வதே என்கிறது. அங்கே சதி ஏதுமில்லை. குறள் 445 இன்னும் நெருங்கி வருகிறது: "சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன் சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்." ஆராய்ந்து கூறுவாரைக் கண்ணாகக் கொண்டு அரசன் நடப்பதால், அத்தகையோரையும் ஆராய்ந்தே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது பொருள். வடமொழியும் இலத்தீனும் சொல்லின் வேரில் வைத்த காட்சியை வள்ளுவர் உவமையில் வைத்துவிட்டார் என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன். ஆயினும் 'சூழ்ச்சி' இன்று வஞ்சகத்தின் பெயராகிவிட்டது. ஒரு விரிவுரையாளரைச் 'சூழ்வார்' என்று அழைத்தால் மாணவர் விளங்கிக்கொள்ள மாட்டார். அச்சொல்லை மீட்க வழியில்லை.

பிற சொற்களில் 'அறிவுரையாளர்' முதலில் தோன்றுவது. ஆனால் அறிவுரை என்றாலே மேலிருந்து கீழே சொல்லும் புத்திமதி என்று இளையோர் முகம் சுளிக்கின்றனர்; சொல்லும் முன்னரே கதவை அடைத்துவிடும் பெயர் இப்பணிக்கு ஆகாது. 'வழிகாட்டி' சுற்றுலாவுக்கும் கையேட்டுக்கும் போய்விட்டது. 'கல்வித் துணைவர்' எனக்குப் பிடித்த சொல். குறள் 445 இடம்பெறும் அதிகாரத்தின் பெயரே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்பதால் அதற்கு நல்ல பின்புலமும் உண்டு. இருந்தும், வாழ்க்கைத் துணைவர் ஒருபுறமும் துணை அமைச்சர், துணைவேந்தர் போன்ற பதவிப் பெயர்கள் மறுபுறமும் நின்று பொருளைக் கலைக்கின்றன.

எஞ்சுவது 'நெறியாளர்'. நெறி என்பது வழி, ஒழுங்குபட்ட வழி. முனைவர் பட்ட மாணவரை நடத்துபவரை ஏற்கெனவே 'ஆய்வு நெறியாளர்' என்கிறோம். எனவே இளங்கலை மாணவருக்குரியவரைக் 'கல்வி நெறியாளர்' என்றால் இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாக அமையும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் விவாதத்தை நடத்துபவருக்கும் இப்பெயர் உண்டு என்றாலும், 'கல்வி' என்னும் அடைமொழி அந்த மயக்கத்தைப் போக்கிவிடும். கவுன்சலருக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் 'உளவளத்துணையாளர்' என்ற அழகிய சொல்லை நாமும் எடுத்துக்கொள்ளலாம். 'ஆலோசகர்' கட்டண யோசனையாளருக்கே இருக்கட்டும்.

பெயர்களை இவ்வாறு பிரிப்பது விரிவுரையாளர்களின் பணித்திறன் வளர்ச்சிக்கும் நேரடியாக உதவும். விரிவுரையாளர்களுக்கான பயிற்சிப் பட்டறைகளில் நான் காண்பது, பதிவு விதிகளை மனப்பாடமாக அறிந்த ஆசிரியர்கள்கூட, தேர்ச்சிப் புள்ளிச் சராசரி (சி.ஜி.பி.ஏ.) 2.00க்குக் கீழே இறங்கிய மாணவர் எதிரே அமர்ந்து அழத் தொடங்கியதும் தாமே உளவளத்துணையாளராகிவிட முயல்கின்றனர், அல்லது பதறிப்போய் உடனே வேறு அறைக்கு அனுப்பிவிடுகின்றனர். நெறியாளரின் வேலை எவ்விடத்தில் நிற்கிறது என்று பெயரே சொல்லுமானால், பயிற்சியில் முதலில் கற்க வேண்டியது தெளிவாகிறது: பொறுமையாகக் கேட்பது, பாடச்சுமையில் எதைக் குறைக்கலாம் என்று விதியோடு காட்டுவது, தமக்கு அப்பாற்பட்டதை மாணவரின் ஒப்புதலோடு உரியவரிடம் சேர்ப்பது.

இதன் வழிச்சொற்களும் எளிதில் அமைகின்றன. பணியைக் 'கல்வி நெறிப்படுத்தல்' எனலாம். சந்திப்பை 'நெறியாளர் சந்திப்பு' எனலாம். மாணவரை மட்டும் 'நெறிபெறுநர்' என்று ஆக்க வேண்டியதில்லை. 'மாணவர்' என்பதே போதும்.