‘பழம்தான் கொடுத்தோம், டாக்டரம்மா’

வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும் குழந்தையின் வீட்டாரிடம் முதல் நாள் என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், “வெளிச் சாப்பாடு எதுவும் இல்லை டாக்டரம்மா, பழம்தான் கொடுத்தோம்” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஓட்டல் இட்லியைச் சந்தேகிப்பவர்கள், பாக்கெட் பாலைச் சந்தேகிப்பவர்கள், நான் எழுதித் தரும் மருந்தைக்கூடச் சந்தேகிப்பவர்கள், பழத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மறுக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை மாலை வந்த மூன்று வயதுச் சிறுவன், இந்தக் கோடையில் இதே பதிலோடு வந்த நான்காவது குழந்தை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவனுடைய பாட்டி வியாழக்கிழமை ஒரு முலாம்பழத்தை வெட்டி, பாதியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தட்டால் மூடி மேசையிலேயே வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பகலில் பார்த்தபோது ஒரு பக்கம் கொழகொழவென்று இருந்ததாம். “அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பக்கத்தைத்தான் கொடுத்தேன்” என்று அவர் சொன்னபோது, குரலில் குற்றவுணர்ச்சி சிறிதும் இல்லை. பழத்தை வீணாக்காத நிம்மதிதான் இருந்தது. முலாம்பழம்தான் காரணம் என்று நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டேன். மீதிப் பழம் குப்பைக்குப் போய்விட்டது, பரிசோதனைக்கு எதுவும் இல்லை, அந்த வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர நூறு வழிகள் உண்டு. ஆனால் வெட்டிய முலாம்பழத்தை ஒரு நாள் முழுவதும் கோடை வெயிலில் வெளியே வைத்துக் கொடுப்பது, அந்த நூறு வழிகளில் மிக அகலமான ஒன்று.

நம் பாட்டிமார்களின் பேச்சில் பழத்தின் நிலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. இடிபட்டு நிறம் மாறியதைக் கன்றியது என்றார்கள். அளவுக்கு மீறிக் கனிந்து குழைந்ததை அளிந்தது என்றார்கள். முற்றாமல் பழுத்ததை வெம்பியது என்றார்கள். புழு புகுந்ததைச் சொத்தை என்றார்கள். இவற்றுக்குப் பிறகுதான் அழுகியதும் பூசணம் பிடித்ததும் வந்தன. இன்று என்னிடம் வரும் இளம் தாய்மார்கள் இவை அனைத்தையும் ‘கெட்டுப்போனது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அதனால் தின்னத்தக்க கன்றிய ஆப்பிள் குப்பைக்குப் போகிறது, எறிய வேண்டிய பூசணம் பிடித்த திராட்சை கழுவப்பட்டுக் குழந்தையின் டிபன் பெட்டிக்குள் போகிறது.

கன்றிய இடத்தை வெட்டிவிட்டு மீதியைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அடிபட்ட இடம் கிருமிக்குத் திறந்த வாசல் என்பதால், அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். அளிந்த பழம் புளிப்பு வாடையோ கள் வாடையோ அடிக்காமல் வெறும் குழைவாக மட்டும் இருந்தால் அதுவும் அன்றைய பழம்தான், நாளைக்கு இல்லை. வெம்பிய பழத்தில் சுவை இருக்காது, தீங்கும் இருக்காது. சொத்தைப் பழத்தை வெட்டிப் பார்த்து, புழு சென்ற வழி முழுவதும் கறுத்திருந்தால் எறிந்துவிடுங்கள். இவற்றில் யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. அழுகலுக்கும் பூசணத்துக்கும் வரும்போதுதான் ‘அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் போதும்’ என்ற, என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை குறுக்கே வந்து நிற்கிறது.

பழத்தின் மேல் பச்சையாகவோ வெள்ளையாகவோ பஞ்சு போலத் தெரிவது பூஞ்சையின் ஒரு பகுதி மட்டுமே. அது விதை தூவுவதற்காக வெளியே நீட்டிய தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடல், கண்ணுக்குத் தெரியாத இழைகளாகச் சதைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தலையை வெட்டிவிட்டு உடலைத் தின்பதைத்தான் நாம் ‘நல்ல பக்கத்தைச் சாப்பிடுவது’ என்கிறோம். திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, நன்கு கனிந்த பப்பாளி, முலாம்பழம் போன்ற நீர் நிறைந்த மென்மையான பழங்களில் இந்த இழைகளுக்கு எந்தத் தடையும் இல்லாததால், ஓரிடத்தில் பூசணம் தெரிந்தால் அந்தப் பழத்தையே எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. திராட்சைக் கொத்தில் என்றால், பூசணம் பிடித்த பழத்தோடு ஒட்டியிருந்த பழங்களையும் சேர்த்து எறியுங்கள். ஆப்பிள், காய்ப்பருவக் கொய்யா போன்ற கெட்டியான பழங்களில் இழைகள் அவ்வளவு எளிதில் பரவுவதில்லை என்பதால், புள்ளி சிறியதாக இருந்தால், அதைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூசணத்தின் மேல் படவே கூடாது. பட்டால் அதே கத்தி அதை நல்ல சதைக்குள் கொண்டு போய் வைத்துவிடும். சிறு குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இந்தச் சலுகையைக்கூட நான் தருவதில்லை.

அழுகிய இடத்தை மட்டும் வெட்டினால் போகாத இன்னொன்று நஞ்சு. ஆப்பிளை நீலப் பச்சையாக அழுக வைக்கும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சை, பாட்டுலின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. அழுகல் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் அது சதைக்குள் ஊறியிருக்கலாம். சூடாக்கினாலும் முழுமையாக அழிவதில்லை. அழுகிய ஆப்பிளைப் பிழிந்தால் சாற்றோடு அதுவும் வரும் என்பதால்தான், ஒரு கிலோ ஆப்பிள் சாற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் பாட்டுலின் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. தொழிற்சாலைக்கு அந்த வரம்பு உண்டு, உங்கள் வீட்டு மிக்ஸிக்கு இல்லை. ‘சும்மா சாப்பிட்டால்தானே ஆகாது, ஜூஸ் போட்டுவிடலாம்’ என்று அழுகத் தொடங்கிய பழங்களை ஒதுக்கி வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெனிசிலின் மருந்தே பூஞ்சையிலிருந்து வந்ததுதானே, அப்படியானால் பூசணம் உடம்புக்கு நல்லதுதானே என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் வாதிட்டார். பாம்பு நஞ்சிலிருந்தும் மருந்து எடுக்கிறார்கள் ஐயா என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்பது அடுத்த வாக்குமூலம். மூக்கு நல்ல கருவிதான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பழம் புளித்து நுரைத்திருந்தால், ஈஸ்ட் வேலை செய்து கள் வாடை வந்திருந்தால், மூக்கு உடனே சொல்லிவிடும். ஆனால் பழத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வேறு, மனிதனைப் படுக்கையில் தள்ளும் நுண்ணுயிர்கள் வேறு. சால்மோனெல்லாவுக்கும் லிஸ்டீரியாவுக்கும் வாடை கிடையாது, நிறம் கிடையாது, சுவை கிடையாது. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பண்ணை ஒன்றிலிருந்து சென்ற முலாம்பழ வகையால் 28 மாநிலங்களில் 147 பேர் லிஸ்டீரியா தொற்றுக்கு ஆளாகி, 33 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் அழுகிய பழத்தைத் தேடிப் பிடித்துத் தின்றவர்கள் அல்லர். 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் இதே வகைப் பழம் ஏழு உயிர்களைக் கொண்டு சென்றது. முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலில் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழுவாமல் வெட்டும்போது கத்தி அதைச் சதைக்குள் இழுத்துச் செல்கிறது. லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது என்பதால், ‘ஃபிரிட்ஜில்தானே வைத்திருந்தோம்’ என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி போன்றவற்றின் புளிப்பு பெரும்பாலான கிருமிகளைப் பெருக விடுவதில்லை. முலாம்பழம், தர்ப்பூசணி, பப்பாளி ஆகிய மூன்றிலும் அந்தப் புளிப்பு மிகக் குறைவு, எனவே வெட்டியபின் அவற்றைப் பாலைப் போலத்தான் நடத்த வேண்டும். அமெரிக்க உணவு விதிகள் வெட்டிய முலாம்பழத்தையும் தர்ப்பூசணியையும் பால், இறைச்சி ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் வைத்து, 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைக்கச் சொல்கின்றன. காய்ச்சாத பாலை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு நாள் மேசையில் வைத்துவிட்டு மறுநாள் பேரனுக்குக் கொடுக்கும் பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

நல்ல பழத்தை வீணாக எறிவதும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழத்தோல் கறுத்திருந்தால் உள்ளே சதையைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வாழைக்குத் தோல் கறுப்பது குளிரால், கெட்டுப்போனதால் அல்ல. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது காற்று பட்டதால். மாம்பழத்தோலில் உள்ள கரும்புள்ளிகள் தோலோடு நின்று, அடியில் சதை உறுதியாக இருந்தால் சீவிவிட்டுச் சாப்பிடலாம். தர்ப்பூசணியின் நடுவே விரிசல் விட்டிருப்பது வளர்ச்சியில் வந்த கோளாறு. அது சாயம் ஏற்ற ஊசி போட்ட அடையாளம் அன்று. இந்த ஊசிக் கதையால் 2025ஆம் ஆண்டுக் கோடையில் தமிழ்நாட்டில் தர்ப்பூசணி விலை சரிந்து விவசாயிகள் பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே. ஊசி குத்திய துளை வழியே பழம் அழுகத் தொடங்கிவிடும், செலுத்திய சாயமும் சதை முழுவதும் சீராகப் பரவாது. சாயம் ஏற்றிய தர்ப்பூசணியால் நோயுற்ற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, ஆனால் காலையில் கீற்று போட்டு ஈ மொய்க்க மாலை வரை வைத்திருந்த தர்ப்பூசணியைத் தின்றுவிட்டு வந்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வாட்ஸப் சொல்வதற்குப் பயப்படுவது நம் வழக்கமாகிவிட்டது.

அணில் கடித்த கொய்யாதான் இனிக்கும் என்று சொல்லிச் சொல்லியே நாம் வளர்ந்தோம். நானும் தின்றிருக்கிறேன். அதைத் தயவுசெய்து இந்தத் தலைமுறையோடு நிறுத்திவிடுங்கள். கடித்தது அணிலா வௌவாலா என்று பல்தடம் பார்த்துச் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களில் அந்த வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டது. அங்கே முதல் நோயாளிக்கு அது பழத்தின் வழியேதான் வந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வங்கதேசத்தில் வௌவால் வாய் வைத்த பச்சைப் பேரீச்சைப் பதநீர் வழியே அது மனிதருக்கு வந்திருக்கிறது. கடிபட்ட, கொத்துப்பட்ட பழத்தில் ‘நல்ல பக்கம்’ என்று ஒன்று இல்லை.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. பழத்தை வெட்டுவதற்கு முன்பு, தோலைச் சீவி எறியப்போகிற பழமாக இருந்தாலும், ஓடும் குழாய் நீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், அது சதைக்குள் ஊறும். மீன் நறுக்கிய பலகையைப் பழத்துக்கு எடுக்காதீர்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். மிஞ்சினால் மூடிய பாத்திரத்தில் உடனே குளிரில் வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த வெட்டிய முலாம்பழத்தையும் தர்ப்பூசணியையும் பப்பாளியையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மின்சாரம் நின்ற இரவுக்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டியில் உள்ள வெட்டிய பழத்தைச் சோதித்துப் பார்க்கக் குழந்தையின் வயிற்றைப் பயன்படுத்தாதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், வாரக்கணக்கில் கட்டிலடியில் கிடக்கப்போகும் பழப்பையை வாங்குவதற்குப் பதிலாக இரண்டே பழங்களை வாங்கிச் சென்றால் போதும். பழத்தை எறிவது பாவம் என்று நினைக்கும் பாட்டிமார்களிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது, அது உரக்குழிக்குப் போனால் வீணாவதில்லை என்பதுதான்.

இத்தனைக்கும் பிறகு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு லிட்டர் பொட்டலமும் 200 மில்லி லிட்டர் பொட்டலமும் கடையில் உண்டு, மாற்றிக் கரைத்துவிடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலோ, கண்கள் குழிந்து துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள். வரும்போது, பழம் எப்போது வெட்டப்பட்டது, அதுவரை எங்கே இருந்தது என்ற இரண்டு விவரங்களையும் கொண்டு வாருங்கள்.