அந்தப் படத்தில் முகம் யாருக்கு இருக்கிறது?

வகுப்பில் நான் முதலில் காட்டுகிற படம் ஒரு சிலை. துறைமுகம், கப்பல்கள், நடுவில் பீடம், அதன்மேல் ஓர் உருவம். திரையில் விழுந்ததுமே பின்வரிசையிலிருந்து "லிபர்ட்டி சிலை சார்" என்று குரல் வரும். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்பேன். அப்புறம்தான் சீன முகம் தெரியும், தொங்கும் சடை தெரியும், அபினிக் குழாய் தெரியும், காலடியில் மண்டை ஓடு தெரியும். தலையைச் சுற்றியுள்ள ஒளிக்கதிர்களில் அழுக்கு, ஒழுக்கக்கேடு, நோய், வெள்ளைத் தொழிலாளிக்கு நாசம் என்று எழுதியிருக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிவந்த 'வாஸ்ப்' இதழுக்காக 1881 நவம்பரில் ஜார்ஜ் ஃபிரெடரிக் கெல்லர் வரைந்தது. நியூயார்க்கில் அசல் சிலை திறக்கப்பட்டதே 1886இல்தான். சிலை எழும்புவதற்குள் கேலி முந்திக்கொண்டுவிட்டது.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குக் கார்ட்டூன் வரையவும் படிக்கவும் சொல்லித்தருவது என் வேலை. வரையக் கற்றுக்கொடுத்துவிடலாம், படிக்க வைப்பதுதான் பாடு. பார்த்தோம், சிரித்தோம், அடுத்தவருக்குத் தள்ளிவிட்டோம் என்று முடிந்துவிடுகிறது. அமெரிக்க விசா, குடியேற்றம் பற்றிய கார்ட்டூன்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் நிறையச் சுற்றுகின்றன. தெருவுக்கு நாலு பிள்ளைகள் அங்கே இருக்கும்போது சுற்றாமல் என்ன செய்யும்? அதனால்தான் வகுப்பில் பேசுவதைக் கொஞ்சம் இங்கேயும் எழுதலாம் என்று நினைத்தேன்.

கெல்லர் படத்துக்குத் திரும்புவோம். அதில் சீனர் துறைமுகத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறார். உண்மைக் கணக்கு என்ன? 1880 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 5 கோடி. சீனர்கள் சுமார் 1,05,000. ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர். அந்த ஒருவரைத்தான் சிலை அளவுக்கு ஊதிக் காட்டியிருக்கிறார். படம் வந்து ஆறு மாதத்தில், 1882 மே 6 அன்று, சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் சட்டத்தில் அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்டார். முதலில் 10 ஆண்டுகளுக்கு என்றார்கள். நீக்கப்பட்டது 1943இல். படத்தால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஒரு கார்ட்டூனுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் சட்டம் வந்தபோது "அட, இது அநியாயமாச்சே" என்று பலருக்குத் தோன்றாமல் போனதில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பங்கு உண்டு. அதனால் எந்தக் குடியேற்றக் கார்ட்டூனைப் பார்த்தாலும் தேதியைத் தேடுங்கள். அந்த மாதம் எந்த மசோதா விவாதத்தில் இருந்தது என்று பாருங்கள்.

அளவுக்கு அடுத்தது முகம். 1942 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கின் 'பிஎம்' நாளிதழில் டாக்டர் சூஸ் வரைந்த படம் ஒன்று உண்டு. குழந்தைகள் புத்தகங்களால் உலகம் அறிந்த அதே சூஸ்தான். அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுக ஜப்பானியர்கள் வரிசையில் வந்து ஆளுக்கொரு வெடிமருந்துப் பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே கண்ணாடி, ஒரே இளிப்பு. ஆறே நாளில், பிப்ரவரி 19 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவு வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கூட்டம் வரையும்போது ஒரு முகத்தை வரைந்து நகலெடுப்பது எங்கள் தொழிலில் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி, நானே செய்திருக்கிறேன். ஆனால் ஒரே படத்தில் ஒரு தரப்புக்கு முகமும் இன்னொரு தரப்புக்கு நகலும் கிடைத்தால் அது சோம்பல் இல்லை. எலி, வெள்ளம் என்றெல்லாம் வரைவது இதன் அடுத்த படி. 1903இல் 'ஜட்ஜ்' இதழில் லூயி டால்ரிம்பிள் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களை மனிதத் தலை வைத்த எலிகளாகவே கரையேற்றினார். 2015இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ்க் கார்ட்டூனில், எல்லை தாண்டும் அகதிகளின் காலடியில் மறுபடியும் எலிகள்.

சரி, குடியேறியவர்களுக்காகப் பரிந்து வரைந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள், தாமஸ் நாஸ்ட் போல. ஜெர்மனியின் லாண்டாவில் பிறந்து ஆறு வயதில் அமெரிக்கா வந்தவர். 1871இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் அவர் வரைந்த படத்தில், குன்றி உட்கார்ந்திருக்கும் சீனரின் தலைமேல் கை வைத்து, துரத்தி வரும் கும்பலை எதிர்த்து நிற்கிறாள் கொலம்பியா, அதாவது அமெரிக்கத் தாய். எல்லோருக்கும் நியாயம் என்பதுதான் அமெரிக்கா என்கிறாள். பார்க்கிறவர்களுக்கு மனசு இளகிவிடும். ஆனால் அந்தக் கும்பலை உற்றுப் பாருங்கள். முன்னால் நிற்கும் ஐரிஷ்காரருக்குக் குரங்கின் தாடை. அவரும் கப்பலில் பிழைக்க வந்த ஆள்தானே? ஒரு குடியேறியவரைக் காப்பாற்ற இன்னொரு குடியேறியவரைக் குரங்காக்கியிருக்கிறார் நாஸ்ட், அதுவும் ஒரே காகிதத்தில். அதே ஆண்டு அவர் கத்தோலிக்க ஆயர்களை முதலைகளாகவும் வரைந்தார். எனக்கு மிகவும் பிடித்த ஓவியர். அதனாலேயே வகுப்பில் அவரை லேசில் விடமாட்டேன்.

இதுவரை ஆட்களைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தை எப்படி வரைகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. கதவு, சுவர், பூட்டு, இவற்றை விட்டால் வேறு இல்லை. 1921இல் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 1910 கணக்கெடுப்பில் ஒரு நாட்டவர் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ அதில் 3 சதவீதம் பேர்தான் ஆண்டுக்கு வரலாம். அப்போது வந்த புகழ்பெற்ற கார்ட்டூனில் அட்லாண்டிக்கின் குறுக்கே பெரிய புனல் ஒன்று. அகன்ற வாய் ஐரோப்பாவில், குறுகிய முனை அமெரிக்காவில், முனையை மறிக்கும் தடுப்பில் 3 சதவீதம் என்று எழுத்து. சட்டத்தைச் சட்டென்று புரியவைக்கும் நல்ல கற்பனைதான்.

1924இல் சட்டத்தை இறுக்கினார்கள். 3 சதவீதம் 2 ஆனது. புனலின் முனையை இன்னும் கொஞ்சம் ஒடுக்கி வரைந்தால் இது புரிந்துவிடும். ஆனால் உண்மையான வேலை நடந்த இடம் வேறு. 1910 கணக்கெடுப்பைத் தூக்கிவிட்டு 1890 கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்தார்கள். இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருமளவில் வந்து சேர்ந்தது 1890க்குப் பிறகு. கணக்கில் அவர்கள் சொற்பம், ஆகவே ஒதுக்கீடும் சொற்பம். பெயர் சொல்லி யாரையும் விலக்காமலே விலக்கியாயிற்று. இதை எந்தக் கதவை வைத்து வரைவது?

இன்றும் அப்படித்தான். கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை, வரிசையில் வருடக்கணக்காக நிற்கிற நம் பிள்ளைகளைத் தடுப்பது சுவர் இல்லை. பெரும்பாலான பிரிவுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதி. இந்தியா என்றாலும் ஐஸ்லாந்து என்றாலும் ஒரே உச்சவரம்பு. சுவர்ப் படங்களையே பார்த்துப் பழகினால் இந்த 7 கண்ணில் படாது.

போன பருவத்தில் "1924 சட்டத்தை வரையுங்கள், கதவு வரையக் கூடாது" என்று பயிற்சி கொடுத்தேன். பாதிப் பேர் கதவை வேலியாக மாற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி மட்டும் ஓர் அலுவலக மேசையை வரைந்திருந்தாள். எதிரே மூட்டையோடு ஒரு குடும்பம், நாலு பேருக்கும் நாலு முகம். சுவரில் நம் வீட்டில் மாட்டுகிற மாதிரி தினசரி காலண்டர். அதிகாரி கையில் பசையோடு, கிழித்த தாள்களைப் பொறுமையாகத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறார். அடியில் ஒரு வரி எழுதியிருந்தாள்:

"இந்தத் தேதியில நீங்க இங்க இல்லையே."