33-ஆல் பெருக்கினால் என்ன கிடைக்கிறது?

சி மொழியில் சிம்பல் (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்கள்) தேடுவதற்கு ஸ்ட்ரிங் ஹேஷ், அதாவது பெயரை ஓர் எண்ணாக்கும் கணக்கு, எழுதுகிறவர்கள் பலரும் 33-ஆல் பெருக்குகிறார்களே, அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். லினக்ஸின் டைனமிக் லோடரை வைத்தே பார்த்துவிடலாம். புரோகிராம் கேட்கும் ஃபங்ஷன் பெயரை லைப்ரரி லைப்ரரியாகத் தேடுவது அதன் வேலை. பெயரை எண்ணாக்கி, பக்கெட் எண்ணிக்கையால் வகுத்து, மீதி காட்டும் பக்கெட்டில் (பெயர்களைப் பிரித்துவைக்கும் தொகுதியில்) பார்க்கும். இதுவரை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலிருந்து வந்த பழைய ஹேஷ், ஒவ்வோர் எழுத்தின் மதிப்பையும் கூட்டும் முன், அதுவரை வந்த எண்ணை 16-ஆல் பெருக்கும். கோளாறு அங்கேதான். ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'-யின் மதிப்பு 97, 'பி' 98, 'க்யூ' 113. 'ஏக்யூ' என்றால் 97×16+113 = 1665. 'பிஏ' என்றால் 98×16+97, அதுவும் 1665! முதல் எழுத்தில் ஒன்றைக் கூட்டி அடுத்ததில் 16-ஐக் கழித்தால் ஹேஷ் மாறுவதே இல்லை. 26 எழுத்துக்குள் 16 வித்தியாசம் தாராளமாகக் கிடைக்கும்.

16-க்குப் பதில் 33 போட்டால், ஹேஷ் மாறாமலிருக்க இரண்டாம் எழுத்து 33 இறங்க வேண்டும். சிற்றெழுத்துகளுக்குள் உச்ச வித்தியாசமே 25. ஆகவே, அடுத்தடுத்த இரண்டு சிற்றெழுத்துகளில் மட்டும் வேறுபடும் பெயர்கள் ஒரே ஹேஷுக்கு வரவே முடியாது. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எவ்வளவு நீளம் இருந்தாலும் இது மாறாது. காரணம், 33 ஒற்றைப்படை; 32 பிட்டில் நிரம்பி வழிந்தாலும் ஒற்றைப்படைப் பெருக்கல் எந்த இரு எண்களையும் ஒன்றாக்காது. வெறும் 32-ஆல் பெருக்கியிருந்தால் ஏழு எழுத்துக்கு முந்தைய தகவலெல்லாம் மேல்முனை வழியே உதிர்ந்திருக்கும். 31-உம் இதே காரணத்தால் நன்றாகவே ஓடும்.

முதல் எழுத்துக்கு முன்பே ஹேஷில் வைக்கும் தொடக்க எண் 5381-ஐச் சிலர் ராசி எண் மாதிரி கொண்டாடுகிறார்கள். சமநீளப் பெயர்களுக்கு அது எல்லா ஹேஷிலும் ஒரே மாறிலியைக் கூட்டுகிறது, அவ்வளவே. அவற்றுக்குள் ஒரே ஹேஷ் வரும் மோதல் ஒன்றைக்கூடத் தவிர்க்காது.

பக்கெட் எண்ணிக்கையில்தான் நிஜமான பொறி இருக்கிறது. 33-ஐ 32-ஆல் வகுத்தால் மீதி 1. 32 பக்கெட் வைத்தால் பக்கெட்டைத் தீர்மானிப்பது எழுத்துகளின் வெறும் கூட்டுத்தொகை. 'ரீட்', 'டியர்' என்ற ஆங்கிலச் சொற்களைப் போல எழுத்துகள் இடம் மாறிய பெயர்களெல்லாம் ஒரே பக்கெட்டில் குவியும். கோப்புகளை இணைத்து இந்த ஹேஷ் அட்டவணையை எழுதும் பைன்யூட்டில்ஸ் லிங்க்கர் 37, 67, 97, 131 என்று பகா எண்களைப் பிடித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பழைய ஹேஷுக்குப் பதிலாக 33-உடன் 2006-இல் வந்த ஜிஎன்யு ஹேஷ் என்ற அட்டவணை முறை மிச்சப்படுத்தும் நேரத்தில் பெரும்பங்கு 33-ஆல் வந்ததல்ல. பல லைப்ரரிகள் இருந்தால் தேடலில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'இங்கே இல்லை' என்பதுதான். அதை மலிவாகச் சொல்லத்தான் புளூம் ஃபில்டர், அதாவது இருக்கும் பெயர்களுக்கான பிட்களை மட்டும் 1 ஆக்கிவைத்த அட்டவணை. 'எக்ஸிட்' என்ற பெயரின் ஹேஷ் 2090237503. 64-ஆல் வகுத்த மீதி 63; வலப்பக்கம் 26 பிட் நகர்த்தினால் 31. லைப்ரரியின் ஃபில்டரில் அந்தப் பெயருக்குரிய 64 பிட் சொல்லை (64 பிட்களின் தொகுதியை) எடுத்து, 63, 31 ஆகிய இரண்டு பிட்டும் 1-ஆ என்று பார்க்க வேண்டும். ஒன்று 0 என்றாலும் பக்கெட்டைத் தொடாமலே அடுத்த லைப்ரரிக்குப் போகலாம். பிட்களில் கால்வாசி 1-ஆக இருந்தால், இல்லாத பெயர்களில் சுமாராகப் பதினாறில் ஒன்றுதான் தப்பி உள்ளே வரும். நகர்வை 6 என்று வைத்தால் கெட்டது: சொல்லைத் தேர்ந்தெடுத்த அதே பிட்களே இரண்டாம் இடத்தையும் முடிவுசெய்யும்.

தப்பி வந்தவற்றையும் உடனே ஸ்ட்ரிங் கம்பேர் செய்வதில்லை. ஒரே பக்கெட்டில் விழும் சிம்பல்களின் வரிசையான சங்கிலியில் ஒவ்வொரு சிம்பலின் ஹேஷும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறது. கடைசி பிட் மட்டும் சங்கிலி முடிவுக்கான அடையாளம் என்பதால் அதை விட்டுவிட்டு ஒப்பிட வேண்டும். சி++ பெயர்கள் நீளமான ஒரே முன்னொட்டுடன் வருவதால், ஸ்ட்ரிங் கம்பேர் வித்தியாசத்தைக் காண வெகுதூரம் ஓட வேண்டியிருக்கும். அந்த ஓட்டம் இங்கே மிச்சம்.

ஹேஷை ஒரு பெயருக்கு ஒரு முறைதான் கணக்கிடுகிறோம். எனவே லூப்பை முதலில் செதுக்குவது வீண் வேலை என்பேன். செதுக்கியே தீர வேண்டுமானால் இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து, அதுவரை வந்த ஹேஷை 1089-ஆல் (33×33) பெருக்குங்கள். ஒரு பெருக்கல் முடிய அடுத்தது காத்திருப்பது குறையும்.

எழுத்தை அன்சைண்ட் கேராக (எதிர்மறை ஆகாத, 0 முதல் 255 வரையான எண்ணாக) மாற்றிய பிறகே கூட்டுங்கள். ஜிசிசி கம்பைலரில் 10-ஆம் பதிப்பு முதல் தமிழிலேயே ஃபங்ஷன் பெயர் வைக்கலாம். யுடிஎஃப்-8 வடிவில் தமிழ் எழுத்தின் முதல் பைட் 224. கேர் சைண்டாக (எதிர்மறையும் ஆகக்கூடியதாக) இருக்கும் எக்ஸ்86 ப்ராசசர்களில் அது -32 ஆகிவிடும். லிங்க்கர் ஒரு விதமாகவும் லோடர் வேறு விதமாகவும் கணக்கிட்டால், ஃபைலில் இருக்கும் சிம்பலே 'கிடைக்கவில்லை' என்று வரும். சங்கிலிகளின் நீளத்தைக் காண ரீட்எல்ஃப் என்ற கருவியை 'ஹிஸ்டோகிராம்' ஆப்ஷனுடன் ஓட்டுங்கள்.