அந்த வால் வானத்தில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா?

அஸ்த நட்சத்திரம் என்று நாம் அறிந்த காகம் விண்மீன் கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு விண்மீன் திரள்கள் மோதிக் கலந்துகொண்டிருக்கின்றன. பட்டியலில் அவற்றின் பெயர் என்ஜிசி 4038, என்ஜிசி 4039. வில்லியம் ஹெர்ஷல் 1785இல் கண்டவை. ஹால்டன் ஆர்ப் 1966இல் வெளியிட்ட விசித்திர விண்மீன் திரள்களின் தொகுப்பில் உள்ள 338 பதிவுகளில் இது 244ஆவது. பூச்சியின் உணர்கொம்புகளைப் போல இரண்டு வால்கள் நீள்வதால் ஆன்டெனா இணை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வான்படச் செயலாக்கம் கற்றுத்தரும் எனக்கு இந்த இணையின் படங்கள் அடிக்கடி வந்து சேரும். மையப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆறு அங்குலத் தொலைநோக்கிக்கே அது வசப்பட்டுவிடும். வம்பெல்லாம் வால்களில்தான். சிலருடைய படத்தில் வாலே இல்லை. வேறு சிலருடைய படத்தில் வானத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது. முதல் வகையைவிட இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை தருகிறது.

இத்தனைக்கும் வால்தான் இந்த இணையின் வரலாறு. நிலவு கடலில் ஓதத்தை எழுப்பும் அதே விசை, நெருங்கி வந்த திரள்களின் வெளிவிளிம்பு விண்மீன்களைப் பிய்த்து வீசியிருக்கிறது. இதற்கு ஈர்ப்பு மட்டுமே போதும் என்று அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972இல் கணினிக் கணக்கீட்டால் காட்டினார்கள். வால் முனையிலிருந்து வால் முனைவரை அளந்தால் முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் மேல் வரும். ஆனால் அந்த ஒளி, இருண்ட வானத்தின் பின்னணி ஒளியைவிடவே மங்கல். வானத்தின் பொலிவை விண்மீன்களுக்குரிய ஒளியளவு எண்ணில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். நல்ல இருட்டில் அது ஒரு சதுர விகலைக்கு (விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) 22 என்ற அளவில் இருக்கும். நகரத்தில் 18 ஆகிவிடும். நான்கு எண் வித்தியாசம் என்றால் வானம் 40 மடங்கு வெளிச்சம் என்று பொருள். இருட்டில் ஒரு மணி நேரத்தில் சேரும் தரத்தை நகரத்தில் எட்ட ஏறக்குறைய 40 மணி நேரம் வேண்டும். ஹைட்ரஜன் வாயு உமிழும் ஒரு சிவப்பு நிறத்தை மட்டும் உள்ளே விடும் எச்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வால் பெரும்பாலும் விண்மீன் ஒளி. அது எல்லா நிறங்களிலும் பரவிக் கிடக்கிறது. அந்த ஃபில்டர் மையத்தில் விண்மீன் பிறக்கும் முடிச்சுகளுக்குத்தான் உதவும்.

வால் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் பின்னணியைச் சமன்செய்யும் கருவிதான் காரணம். நகர வெளிச்சத்தின் சரிவை நீக்க மென்பொருள் தானாக மாதிரிப் புள்ளிகளை இடுகிறது. அதில் நாலைந்து வாலின் மேல் விழுந்தால் போதும். வாலையும் பின்னணி என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும். புள்ளிகளைக் கையால் இடுங்கள், வால் போகும் பாதையை விட்டுத் தள்ளி, எண்ணிக்கையில் குறைவாக. பிறகு கழிக்கப்பட்ட பின்னணி மாதிரியைத் தனியே திறந்து பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராக மங்கும் சாம்பல் பரப்பாக இருந்தால் சரி. நடுவில் திரளின் சாயலில் ஒரு மங்கிய திட்டு தெரிந்தால் உங்கள் வால் அங்கேதான் இருக்கிறது.

இல்லாத வால் முளைப்பதற்குப் பல வழிகள் உண்டு. சரியாகப் பொருந்தாத ஃபிளாட் படம் (ஓர மங்கலையும் தூசி நிழலையும் நீக்க, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுப்பது), பிரகாசமான விண்மீனின் உட்பிரதிபலிப்பு, இப்போது புதிதாகச் செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கிகள். இரைச்சல் திட்டுகளை அவை அழகான இழைகளாகக் கோத்துவிடுகின்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான், ஆனால் இந்தக் குரங்கு பார்க்க லட்சணமாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று எண்ண வேண்டாம். அரை மீட்டர் தொலைநோக்கியில் எடுத்து 2008இல் வெளியான ஒரு புகழ்பெற்ற படம், என்ஜிசி 5907 என்ற விண்மீன் திரளைச் சுற்றி, நீண்ட இழையாகப் பரவிய விண்மீன்களின் ஓடை இரண்டு வளையங்களாகச் சுழல்வதைக் காட்டியது. டெலிஃபோட்டோ லென்ஸ்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய டிராகன்ஃபிளை கருவியின் படம் 2019இல் வந்தபோது அதில் ஒரே நீண்ட வளைவுதான் இருந்தது. இரண்டாவது வளையத்தைக் காணவில்லை. ஆர்ப் 1965இல் எம்81 என்ற விண்மீன் திரளின் அருகே கண்ட வளையமும், பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசியே என்று பின்னாளில் தெரியவந்தது.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஜெர்மன் வகை மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) வைத்திருப்பவர்கள், பொருள் உச்சிக்கோட்டை, அதாவது வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் கற்பனைக் கோட்டைக் கடக்கும்போது தொலைநோக்கியைப் புரட்டியாக வேண்டும். படம் 180 பாகை திரும்பிவிடும். பலர் இதைத் தொல்லையாகவே பார்க்கிறார்கள். எனக்கு இது வரம். புரட்டுவதற்கு முந்தைய படங்களைத் தனியாகவும் பிந்தையவற்றைத் தனியாகவும் ஸ்டாக்கிங் செய்து (பல தனிப்படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்த்து), விண்மீன்களை வைத்துப் பொருத்திப் பாருங்கள். வானத்திலுள்ள வால் இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும். கேமராவிலும் ஒளிப்பாதையிலும் உண்டான தூசி நிழல் எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிடும். மற்ற மவுண்டுகளில் அடுத்த இரவு கேமராவை 90 பாகை திருப்பி வைத்தால் போதும். பால்வீதித் தூசியை மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது, ஏனென்றால் அதுவும் வானத்தில்தான் இருக்கிறது. அதற்கு அதே பகுதியின் அகச்சிவப்பு வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

படத்தைப் பகிரும்போது மொத்த எக்ஸ்போஷர் நேரத்தோடு, எந்தக் கூர்மையாக்கியைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இறுதிப் படம் தயாரானதும் தனிப்படங்களை அழித்து வட்டில் இடம் பிடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 2007 டிசம்பரில் ஆன்டெனா இணையின் தெற்கு வாலில் ஒரு சூப்பர்நோவா தென்பட்டது. இந்த இணை 4.3 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது என்ற வாதம் அப்போது எழுந்திருந்தது. அந்த ஒற்றை வெடிப்பை அளந்து 7 கோடிக்குச் சற்று மேல் என்று 2008இல் கணித்தார்கள். இப்படி ஒன்று மறுபடி நிகழ்ந்தால் முந்தைய வாரங்களின் படங்களைத்தான் முதலில் தேடுவார்கள். தேதியும் நேரமும் பதிவான மூலக் கோப்புகளாக அவை உங்களிடம் இருக்க வேண்டும்.