பதினைந்து பெயர் எழுதிய சீட்டு

1796 நவம்பர். பென்சில்வேனியாவில் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். அதில் 15 பெயர்கள். அச்சடித்த சீட்டு செல்லாது, கையால் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதினைந்து பேரும் அதிபர் பதவிக்கு நிற்பவர்கள் அல்லர். அதிபரைத் தேர்ந்தெடுக்கப்போகும் தேர்வாளர்கள். மலைத்தொடருக்கு மேற்கே பிட்ஸ்பர்க் பக்கம் உழுதுகொண்டிருக்கும் ஒரு விவசாயிக்கு, மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் தேர்வாளர்களின் பெயர்கள் எப்படித் தெரியும்? தெரிந்தாலும், அவர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள் என்பது எப்படித் தெரியும்?

யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. எழுதிக் கொடுத்தவர் ஜான் பெக்லி. பிரதிநிதிகள் சபையின் எழுத்தர். அந்தத் தேர்தலில் அதிபர் பதவிக்கு நின்ற தாமஸ் ஜெஃபர்சனின் ஆதரவாளர். மாநிலத்தில் பலருக்கும் தெரிந்த தாமஸ் மெக்கீன் போன்றவர்களைத் தேடிப் பிடித்து 15 பேர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதைப் பல்லாயிரம் பிரதிகள் கையால் எழுதவைத்து, மாவட்டம் மாவட்டமாக அனுப்பிவைத்தார். நூலிழை வித்தியாசம்தான், ஆனாலும் 15 இடங்களில் 13 அவர் பட்டியலுக்குக் கிடைத்தன. அமெரிக்காவில் கட்சி எப்படிப் பிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தச் சீட்டைத்தான். கொள்கை, தலைவர், சண்டை எல்லாம் இருந்தன. ஆனால் முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே நாளில் ஒரே 15 பெயரை எழுத வேண்டும் என்றால், அதற்கென்று ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் கட்சி.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. மறந்துபோய் விட்டுவிடவில்லை. ‘ஊரில் கட்சி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்’ என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு கசப்பு இருக்கிறதே, அன்றைய அமெரிக்கத் தலைவர்களுக்கும் அதே கசப்பு இருந்தது. பொதுநலத்தை விட்டுத் தன்னலத்துக்காகச் சேரும் கும்பல் என்றே பார்த்தார்கள். சாசனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசன் இதற்கு ஒரு மருந்தும் சொல்லியிருந்தார். நாடு பெரிதாக இருந்தால் அதில் நூறு விதமான நலன்கள் இருக்கும். மீனவர், வணிகர், புகையிலை பயிரிடுபவர், கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்று ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். எந்தக் கும்பலும் பெரும்பான்மை ஆகாது. அழகான வாதம். ஐந்தே ஆண்டுகளில் அதைப் பொய்யாக்கும் வேலையில் மேடிசனே முன்னால் நின்றார்.

காரணம் எளிது. ஊருக்கு ஊர் நலன் வேறாக இருக்கலாம். ஆனால் தேசிய அரசு என்று ஒன்று வந்துவிட்டால், அது நாடு முழுவதற்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறது. அதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான்.

முதல் கேள்வி கடன். 1790 ஜனவரியில் கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் திட்டத்தை வைத்தார். விடுதலைப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம் கொடுத்திருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக அவர்களில் பலர் அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள். இப்போது பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழு மதிப்பும் தரப்படும் என்றார் ஹாமில்டன். அரசின் வாக்குறுதியை நம்பிப் பிறர் மறுபடி கடன் கொடுக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பது அவர் கணக்கு. முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார் மேடிசன். பிரதிநிதிகள் சபை ஓட்டெடுப்பில் 36க்கு 13 என்று தோற்றார். ஹாமில்டன் சொன்னது நிதி நிர்வாகத்துக்குச் சரி என்று எனக்குத் தெரிகிறது. மேடிசன் பக்கம்தான் மனசு போகிறது.

அடுத்து மாநிலங்களின் கடனைத் தேசிய அரசே ஏற்கலாமா என்ற கேள்வி. அது 1790 ஜூனில் ஜெஃபர்சன் வீட்டு விருந்தில், தலைநகரை பொடோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவது என்ற பேரத்தோடு முடிந்தது. 1791இல் தேசிய வங்கி. அதுவும் 39க்கு 20 என்று நிறைவேறியது. கவனிக்க வேண்டியது இதுதான்: கேள்வி மாறினாலும் ஆட்கள் பெரும்பாலும் அதே பக்கத்தில் நின்றார்கள். ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்ட்கள், மேடிசன்–ஜெஃபர்சன் பக்கம் ரிபப்ளிகன்கள். (இன்றைய ரிபப்ளிகன் கட்சி 1854இல் தொடங்கியது, அது வேறு.)

இதெல்லாம் தலைநகரில் இருந்த நூறு பேருக்குள் நடந்த சண்டை. வெளியே எப்படிப் பரவியது? தபால் கட்டணத்தைப் பார்த்தால் புரியும். 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 450 மைலுக்கு மேல் போகும் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 25 சென்ட். அதே தூரம் போகும் செய்தித்தாளுக்கு ஒன்றரை சென்ட். பத்திரிகை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் இதழ்களுக்குக் கட்டணமே இல்லை. ஆக, ஃபிலடெல்ஃபியாவில் அச்சான கட்டுரையை பாஸ்டனிலும் சார்ல்ஸ்டனிலும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரே வாதமும் ஒரே வசையும் நாடெங்கும் ஒலிக்க ஆரம்பித்தன.

இரு தரப்பும் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டன. ஜான் ஃபென்னோவின் பத்திரிகைக்கு ஹாமில்டன் தரப்பின் ஆதரவு இருந்தது. எதிரே நிற்க மேடிசனும் ஜெஃபர்சனும் ஃபிலிப் ஃப்ரனோ என்ற கவிஞரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அழைத்து வந்தார்கள். வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன், தன் அலுவலகத்திலேயே அவருக்கு ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலையும் போட்டுக்கொடுத்தார். அரசின் சம்பளம், அரசை எதிர்க்கும் பத்திரிகை. இதைக் கண்டுபிடித்த ஹாமில்டன் 1792 கோடையில் புனைபெயரில் எழுதிக் கிழித்தார். இருவரும் அப்போது ஒரே அமைச்சரவையில் இருந்தார்கள்.

பிறகு வெளிநாட்டுப் போர் வந்தது. பிரான்சில் மன்னர் தலை உருண்டது, பிரிட்டனும் பிரான்சும் மோதின. யார் பக்கம் சாய்வது என்ற கேள்விக்கு வங்கிக் கணக்கு புரிய வேண்டிய அவசியம் இல்லை. தெருவில் போகிறவருக்கும் ஒரு கருத்து இருந்தது. பிரிட்டனோடு ஜான் ஜே செய்துவந்த ஒப்பந்தம் 1795இல் வெளியே தெரிந்தபோது ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. சபையில் அதற்கான பணத்தை ஒதுக்கும் ஓட்டெடுப்பு 51க்கு 48 என்று முடிந்தது.

இனி பெக்லியின் சீட்டுக்குத் திரும்பலாம். அந்தத் தேர்தலில் ஃபெடரலிஸ்ட் பட்டியலிலிருந்து வென்ற இரண்டே பேரில் ஒருவர் சாமுவேல் மைல்ஸ். அவர் ஜான் ஆடம்ஸுக்குப் போட வேண்டிய வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டுவிட்டார். கொதித்துப்போன ஒரு வாக்காளர் ஃபென்னோவின் பத்திரிகைக்கு எழுதினார்: அதிபர் ஆடம்ஸா ஜெஃபர்சனா என்று எனக்காக முடிவு செய்யவா மைல்ஸைத் தேர்ந்தெடுத்தேன்? இல்லை, சிந்திக்க அல்ல, செயல்படத்தான் தேர்ந்தெடுத்தேன். சாசனம் எழுதியவர்கள் நினைத்த தேர்வாளர், விவரம் தெரிந்து தானே யோசித்து முடிவெடுப்பவர். ஒன்பதே ஆண்டில் வாக்காளர் கண்ணில் அவர் ஒரு தபால்காரர் ஆகிவிட்டார்.

சாசனத்தின் தேர்தல் முறை இந்த மாற்றத்தைத் தாங்கவில்லை. ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள். இது அதிபருக்கு, இது துணை அதிபருக்கு என்ற பிரிவு கிடையாது. அதிக வாக்கும் பெரும்பான்மையும் பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். கட்சி இல்லாத உலகில் இது நியாயமான ஏற்பாடு. 1796இல் ஆடம்ஸுக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68. எதிரும் புதிருமான இருவர் அதிபரும் துணை அதிபருமாக நான்கு ஆண்டு ஓட்டினார்கள். அன்று ரிபப்ளிகன்களின் இரண்டாவது ஆளாகக் கருதப்பட்ட ஏரன் பர்ருக்கு வர்ஜீனியாவின் 21 தேர்வாளர்களில் ஒரே ஒருவர்தான் வாக்களித்தார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1800 வசந்தத்தில் நியூயார்க் நகரத்து வாக்காளர்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டு வேலை செய்து, மாநிலத்தின் 12 வாக்குகளையும் ரிபப்ளிகன் பக்கம் திருப்பியவர் அவர். இந்த முறை ஏமாற்றக் கூடாது என்ற உறுதியோடு கட்சி அவரை நிறுத்தியது.

ஏமாற்றவில்லை. 73 ரிபப்ளிகன் தேர்வாளர்களும் ஜெஃபர்சனுக்கு ஒன்று, பர்ருக்கு ஒன்று என்று போட்டார்கள். விளைவு, 73க்கு 73. ஃபெடரலிஸ்ட்கள் சுதாரிப்பாக ஒரு வாக்கை ஜான் ஜேக்குப் போட்டு ஆடம்ஸ் 65, அவர்களின் இரண்டாவது ஆளான பிங்க்னி 64 என்று வைத்துக்கொண்டார்கள். ரிபப்ளிகன்களுக்கு அந்த ஒரு வாக்கைத் தவிர்க்கும் ஏற்பாடு கைகூடவில்லை. இந்த 73இல் ஒரு பகுதி, ஓட்டுரிமையே இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியதால் தென்மாநிலங்களுக்குக் கிடைத்த கூடுதல் இடங்கள். அவை இல்லாமல் ஜெஃபர்சன் ஆடம்ஸை முந்தியிருக்க முடியாது. சுதந்திரம் பேசிய கட்சியின் வெற்றிக் கணக்கில் இதுவும் சேர்த்துத்தான் எழுதப்பட வேண்டும்.

சமநிலை என்றால் முடிவு பிரதிநிதிகள் சபையில், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். 1801 பிப்ரவரி 11 அன்று ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, இரண்டு மாநிலங்கள் இரண்டாகப் பிளந்து நின்றன. மறுபடி ஓட்டு, மறுபடி அதே. மேரிலாந்து உறுப்பினர் ஜோசஃப் நிக்கல்சன் கடும் காய்ச்சலோடு பனியில் தூக்கி வரப்பட்டு, பக்கத்து அறையில் படுக்கையில் கிடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி அவர் படுக்கைக்கு வந்தது. அவர் வராமலிருந்தால் மேரிலாந்து பர்ர் பக்கம் போயிருக்கும். ஆறு நாள், 35 சுற்று. 36ஆவது சுற்றில் டெலவேரின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயர்டு வெற்றுச் சீட்டுப் போட, வேறு சில ஃபெடரலிஸ்ட்களும் ஒதுங்கிக்கொள்ள, 10 மாநிலங்களோடு ஜெஃபர்சன் அதிபரானார்.

12ஆவது திருத்தம் 1804 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இனி அதிபருக்கு ஒரு சீட்டு, துணை அதிபருக்கு வேறொரு சீட்டு. அதிலும் கட்சி என்ற சொல் இல்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 162 வாக்குகள். துணை அதிபருக்கு நின்ற ஜார்ஜ் கிளின்டனுக்கும் 162.