எக்ஸ்போஷர்: மேலே படுவதற்குப் பெயர் வெளிப்பாடா?

"பூச்சிக்கொல்லி வெளிப்பாடு உள்ளவர்களுக்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம்."

போன வாரம் ஒரு மருத்துவக் கையேட்டுக்குப் பிழை திருத்தும்போது நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், பற்றிய இந்த வரியில் நின்றுவிட்டேன். இப்படி நிற்பது முதல் முறையில்லை. நாற்பது வருஷம் வயலில் உழைத்த சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். "யார் உடம்பிலிருந்து மருந்து வெளியே வருது?" என்றார். தமிழ் தெரிந்தவர் காதில் அப்படித்தான் விழும்.

ஆங்கிலத்து 'எக்ஸ்போஷர்' (exposure) என்ற சொல்லுக்குத்தான் இங்கே 'வெளிப்பாடு' என்று வைத்திருக்கிறார்கள். எக்ஸ்போஷர் லத்தீன் வழி வந்தது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைத்தல். மறைப்பில்லாமல் வெளியே வைப்பது. அதிலிருந்து வெயிலுக்கோ குளிருக்கோ நஞ்சுக்கோ இலக்காவது. மொழிபெயர்த்தவர் அந்த 'வெளியே'யை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் வெளியே நிற்பவர் மனிதர். தமிழில் வெளிப்படுவது நஞ்சு என்றாகிவிட்டது. உள்ளே இருந்தது வெளியே தெரிவதுதான் வெளிப்பாடு: கோபத்தின் வெளிப்பாடு, திறமையின் வெளிப்பாடு. இதே கையேட்டில் நான்கு பக்கம் தள்ளி 'மரபணு வெளிப்பாடு' வருகிறது. மரபணுவுக்குள் அடங்கியிருப்பது செயலாக வெளியே தெரிவது (gene expression) அது, அங்கே சொல் சரி. ஆனால் எதிரெதிரான இரண்டு பொருளுக்கு ஒரே சொல் என்றால் வாசகர் என்ன செய்வார்?

சிலர் 'பாதிப்பு' என்கிறார்கள். இது இன்னும் மோசம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள், 2009இல் வெளியானது. எந்த நிலத்தில் எந்த ஆண்டு என்ன தெளித்தார்கள் என்ற பதிவு அங்கே உண்டு. அதை வைத்து, வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட், மானெப் என்ற இரண்டு வயல் மருந்துகளும் தெளிக்கப்பட்ட இடங்களில் குடியிருந்தவர்களுக்கு நடுக்குவாத ஆபத்து 75 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். தெளிப்பானைக் கையால் தொடாதவரும், காற்றில் வந்தது மேலே பட்டவர்தான். பட்ட எல்லோருக்கும் நோய் வரவில்லை. பட்டது ஒன்று, பாதித்தது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தொடர்பைத்தான் ஆய்வு தேடுகிறது. முதலாவதையே 'பாதிப்பு' என்று எழுதிவிட்டால், தேடுவதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

'ஆட்படுதல்' பரவாயில்லை. ஆனால் அதில் அடிமையாகும் வாடை உண்டு. மது, சூது என்றால் பொருந்தும். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியவர் எதற்கும் ஆட்படவில்லை.

நம்மிடம் 'படுதல்' இருக்கிறது. வெயில் படும், தூசு படும், கண் படும். மருந்தடிக்கப் போகிறவரிடம் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "மேலே படாமப் பாத்துக்கோ." அந்த ஒரு சொல்லில் எது வருகிறது, யார் மேல் வருகிறது என்ற இரண்டும் அடங்கிவிட்டன. பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'நஞ்சுபடல்' என்று எழுதலாம். பட்ட காலம், பட்ட அளவு, தொழில்வழிப் படல், சூழல்வழிப் படல் என்று வேண்டியதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கும். பிரான்ஸ் 2012இல் நடுக்குவாதத்தை, பூச்சிக்கொல்லியால் வேளாண் தொழிலாளருக்கு வரும் தொழில்நோயாக ஏற்றது. 10 ஆண்டு பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை '10 ஆண்டு வெளிப்பாடு' என்று எழுதினால் இழப்பீடு கேட்டு வருபவருக்கு என்ன புரியும்? அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து வைத்துவிட்டு, அந்த வரியை ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்காத பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம்.

அந்த வரியை இப்படி மாற்றினேன்: "பூச்சிக்கொல்லி பல காலம் மேலே பட்டவர்களுக்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம்." சித்திக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு இன்னும் பாதி வரி உறுத்துகிறது. பாராகுவாட் களைக்கொல்லி. மானெப் பூஞ்சைக்கொல்லி. இரண்டும் பூச்சிக்கு அடிப்பதே இல்லை. 'பூச்சிக்கொல்லி' என்று அச்சிட்டால், வரப்பில் களைக்கு அடித்தவர் இது தனக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். இலங்கையில் பீடைகொல்லி என்கிறார்கள். பீடை வடசொல்தான், எனக்கு உவப்பில்லை. ஆனாலும் களை, பூஞ்சை, எலி எல்லாம் அதற்குள் அடங்குகின்றன. அடுத்த திருத்தத்தில் அதையே போடச் சொல்லியிருக்கிறேன்.